ராயபுரத்தின் மட்டக் குதிரைகள்

ஜட்கா வண்டியை இழுத்த மட்டக் குதிரை, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய நூறாண்டு காலம் வடசென்னையில் ஆளைச் சுமந்த வாகனம். துறைமுகச் சரக்கை மாட்டுவண்டியும் கைவண்டியும் இழுத்தன. ராயபுரம் ரயிலடியில் இறங்கியவரை மண்ணடிக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது, திருவொற்றியூர்க் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களை ஏற்றிக்கொண்டது இந்தச் சிறு குதிரைதான். இவ்வளவு உழைத்த பிராணிக்கு இனப்பெயர் கிடையாது. தாய் இன்னது, தகப்பன் இன்னது என்று எழுதிவைத்த ஏடும் கிடையாது. காங்கேயம் காளைக்குக் கிடைத்த கவனத்தில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. சென்னையின் குதிரை வரலாறு என்றால் கிண்டிப் பந்தயத் திடலும் கோட்டைக் குதிரைப் படையும்தான் நினைவுக்கு வருகின்றன. நகரம் அன்றாடம் நம்பியிருந்த குதிரை வேறு.

குதிரையின் உயரத்தைத் தோள்மேட்டில் அளப்பார்கள். அளவுக்குக் 'கை' என்று பெயர். ஒரு கை நான்கு அங்குலம். 14 கை 2 அங்குலம், அதாவது 58 அங்குலத்துக்கு மேற்படாத குதிரையை மட்டக் குதிரை என்பது பொது வழக்கு. ஜட்காவில் பூட்டியவை இந்த வரம்புக்கு வெகு கீழே நின்றவை. வளர்ந்த ஆள் பக்கத்தில் நின்றால் அவர் நெஞ்சளவுதான் வரும். நாட்டுக் குதிரை, மட்டம், தட்டுவாணி எனப் பல பெயர்கள் வழங்கின. தட்டுவாணி என்ற சொல்லுக்கு வேறொரு இழிபொருளும் உண்டு. அந்தக் குதிரையை ஊர் எவ்வளவு மதித்தது என்பதை அதுவே காட்டிவிடுகிறது.

தமிழ் நிலத்தில் பெரிய குதிரை நன்றாகப் பிறந்து வளராது என்பது பழைய செய்தி. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன அமைச்சர் மாணிக்கவாசகரானதும், நரிகள் பரிகளானதும் தமிழர் எல்லாரும் அறிந்த கதை. கதையின் அடியில் இருப்பது கடைத்தெரு உண்மை: குதிரை வேண்டுமென்றால் துறைமுகத்துக்குப் பணத்தோடு போக வேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை இறந்துபோவதையும் எழுதிவைத்திருக்கிறார். அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு ஆண்டுக்கு 10,000 குதிரை, ஒன்றுக்கு 220 தினார். மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். நல்ல உயரமான ஆண் குதிரையையும் பெண் குதிரையையும் இங்கே சேர்த்தாலும் பிறக்கும் குட்டி சிறுத்து, கால் கோணி, ஏறிப் போக உதவாததாக இருக்கிறதாம்.

அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் குறிப்பு பொய்யில்லை. குதிரைக் குட்டியின் எலும்பு நேராக வளர சுண்ணாம்புச் சத்து வேண்டும். சோறும் தவிடும் தின்று வளரும் குட்டிக்கு அது போதாது. தவிட்டில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸ், உடலில் இருக்கும் சுண்ணாம்பையும் எலும்பிலிருந்து இழுத்துவிடும். முகம் வீங்கும், கால் வளையும். அதோடு கடலோரப் புழுக்கம், மழைக்காலத்துப் பூச்சிக்கடி, குடற்புழு. இத்தனையையும் தாங்கி உயிரோடு மிஞ்சியது, குறைந்த தீனியில் நின்றுகொள்ளும் சிறிய உடம்புக்காரக் குதிரை. அரசர் பார்வையில் அது கழிவு. அந்த நிலம் தானாகவே பொறுக்கி எடுத்த குதிரை என்று பார்ப்பதே சரி. ஊர் எல்லையில் ஐயனாருக்கு ஆள் உயரத்துக்கும் மேலே மண்குதிரை செய்து நிறுத்திய குயவர், நேரில் பார்த்த குதிரை பெரும்பாலும் இந்தச் சிறுசாகத்தான் இருந்திருக்கும்.

சென்னையும் குதிரையைக் கடலிலிருந்துதான் எடுத்தது. நகரத்துக்குத் துறைமுகம் இல்லாத காலம் நீளமானது. கப்பல் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவர மசூலாப் படகு போகும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை அறைந்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும். அதை ஓட்டிய மக்களின் குடியிருப்புதான் ராயபுரம். அவர்கள் வணங்கிய புனித பேதுருவுக்குத் தமிழில் இராயப்பர் என்று பெயர். ஊர்ப்பெயர் அங்கிருந்து வந்தது என்பார்கள். 1829-இல் எழுந்த புனித பேதுரு தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது.

1834 வாக்கில் ஜே. பி. ஈஸ்ட் என்ற ஓவியர், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரைகள் சென்னைக் கரையில் இறக்கப்படுவதை, கட்டுமரமும் மசூலாப் படகும் சேர வரைந்திருக்கிறார். அந்த ஓவியம் ஒரு பெரிய வணிகத்தின் தொடக்கத்தைக் காட்டுகிறது. நியூ சவுத் வேல்ஸ் நாட்டுக் குதிரைகளுக்கு 'வேலர்' என்று பெயர் விழுந்து, அடுத்த நூறாண்டுக்கு இந்தியப் படைகளின் முதன்மைக் குதிரையாக அவை இருந்தன. வாரக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில், படுக்க இடமில்லாத தட்டிக்குள் நின்றபடியே வந்த விலங்கு அது. வயிற்றுக்கு அடியில் அகலமான கித்தான் பட்டை கட்டிக் கப்பியில் தூக்கிப் படகில் இறக்குவார்கள். அலையில் ஆடும் படகில், நிலத்தையே மறந்துவிட்ட கால்களோடு நிற்கும் குதிரையைக் கரை சேர்ப்பது சாதாரண வேலையில்லை. ஒரு உதை விட்டால் தையல் படகின் பலகை பிளந்துவிடும். சென்னைக் குதிரை வணிகத்தின் வரவு செலவு ஆங்கிலேயர் ஏடுகளில் இருக்கிறது. அந்தப் படகோட்டிகளின் கைத்திறன் எந்த ஏட்டிலும் இல்லை. 1861-இல் இரும்புப் பாலத்துறை வந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர்ப் புயல் கட்டியதை உடைத்துப்போட்டது. மறுபடி கட்டி முடிக்கும்போது நூற்றாண்டு முடியப்போகிறது. அதன் பிறகுதான் குதிரைக்கு அலையைக் கடக்கும் தொல்லை தீர்ந்தது.

வேலர் படைக்கும் துரைமாருக்கும் போயிற்று. உள்நாட்டிலேயே குதிரை பெருக்க வேண்டும் என்று கும்பெனி அரசு எடுத்த முயற்சியும் படைக்காகத்தான். 1824-இல் ஓசூரில் தொடங்கிய பண்ணை அப்படிப் பிறந்தது. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரம், வறண்ட காற்று, அகன்ற மேய்ச்சல் நிலம் என எல்லாம் குதிரைக்குப் பொருத்தமானவை. இன்று அது 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த அரசு மாவட்டக் கால்நடைப் பண்ணை. பட்டாளக் குதிரைக்காகத் தொடங்கி மாட்டுப் பண்ணையாக மாறிய இடம். அதன் கணக்கில் ஜட்காக் குதிரை எங்கும் வரவில்லை. ஆளைச் சுமக்கும் குதிரையைப் பெருக்குவது அரசின் வேலை என்று யாரும் நினைக்கவில்லை.

அப்படியானால் மட்டக் குதிரைகள் எங்கிருந்து வந்தன? ஒரு பங்கு, தக்காணத்திலிருந்தும் மைசூர்ச் சீமையிலிருந்தும் சந்தை சந்தையாகக் கைமாறி இறங்கிவந்த நாட்டுக் குதிரைகள். இன்னொரு பங்கு கடல்வழி. பர்மாவின் பெகு நாட்டு மட்டக் குதிரை சென்னையில் அவ்வளவு வழக்கமானது. அரபு நாட்டுக் குதிரையை 'அரபு' என்றாற்போல இதைச் சும்மா 'பெகு' என்றே சொன்னார்கள். 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தச் சென்னை வழக்குக்குத் தனிப் பதிவே கொடுத்திருக்கிறது. அரிசியும் தேக்கும் வந்த ரங்கூன் வழியில் குதிரையும் வந்திருக்கிறது. பெகு குள்ளமானாலும் நெஞ்சு அகன்றது, கால் உரமானது. ஆனால் அதன் விலை நல்ல நிலையில் இருந்தவருக்குத்தான் கட்டுப்படியாகும். ஜட்காக்காரர் வாங்கியது பெரும்பாலும் நாலைந்து கை மாறி, வயது போன நாட்டுக் குதிரை.

ராயபுரத்தில் குதிரையின் காலத்தைத் தொடங்கிவைத்தது ரயில். 1856 ஜூன் 28-ஆம் தேதி ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1-ஆம் தேதி முதல் வாலாஜா ரோடு வரை மக்களுக்கான வண்டி ஓடியது. தென்னிந்தியாவில் மக்களை ஏற்றிச் சென்ற முதல் ரயில் பாதை அதுதான். 1873-இல் சென்ட்ரல் வரும்வரை நகரத்துக்கு ராயபுரம்தான் ரயில் வாசல். நீராவி வந்ததும் குதிரைக்கு வேலை போயிருக்கும் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. வாலாஜாவிலிருந்து சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தவர், கடைசி இரண்டு மூன்று மைலை எப்படிக் கடப்பார்? மூட்டை முடிச்சும் குழந்தைகளுமாக ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர் இறங்கும் இடம் அதற்குமுன் நகரத்தில் இருந்ததில்லை. ரயில் மணியை ஒட்டி வரிசையில் நிற்கும் வாடகை வண்டி என்ற தொழில் அங்கே பிறந்தது.

ஜட்கா என்ற பெயர், 'விரைவு' என்று பொருள்படும் தக்கணி உருதுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு சக்கரம், அதன்மேல் ஒரு பெட்டி, பக்கங்களில் சாய்தட்டிச் சன்னல் அல்லது வெறும் திறப்பு, வளைந்த கூரை. ஏறுவது பின்பக்கத்திலிருந்து, ஒற்றைப் படியில் கால் வைத்து. உள்ளே இருக்கை கிடையாது. பலகையில் வைக்கோல் பரப்பி மேலே சாக்கோ ஜமுக்காளமோ விரித்திருக்கும். சம்மணமிட்டு உட்கார வேண்டும். வண்டிக்கு அடியில் பை போலத் தொங்கும் சாக்கில் குதிரைக்கான புல். இரவில் ஓரத்தில் ஒரு எண்ணெய் விளக்கு.

ஜட்காவில் போனவர் எவரும் மறக்காத ஒன்று, பாரம் பார்ப்பது. ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, 'பெரியவரே, கொஞ்சம் முன்னால வாங்க', 'அம்மா, நீங்க பின்னால நகருங்க' என்பார். வண்டி இரண்டு சக்கரத்தின் அச்சில் தராசு போல நிற்பது. குதிரையின் இருபுறமும் நீளும் மரச்சட்டங்கள்தான் தராசின் ஒரு தட்டு. பின்னால் பாரம் கூடினால் சட்டங்கள் மேலே எழும்பி, வயிற்றுப் பட்டை குதிரையை அந்தரத்தில் தூக்கப் பார்க்கும். முன்கால் தரையில் பாவாது. முன்னால் கூடினால் மொத்தச் சுமையும் முதுகில் இறங்கும்; சேணத்துக்கு அடியில் புண் விழும். 200 கிலோகூட இல்லாத குதிரை, நான்கு பேரையும் வண்டியையும் இழுத்துக்கொண்டு ஓடியது இந்தத் தராசு சரியாக நின்ற வரையில்தான். நல்ல வண்டிக்காரர் சவுக்கை முதுகில் வீசமாட்டார். சவுக்கின் கம்பைச் சுழலும் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே நீட்டுவார். கடகடவென்று எழும் ஓசைக்கே குதிரை எட்டிப் போடும், தெருவில் போகிறவரும் ஒதுங்குவார்.

குதிரை வைத்திருப்பது வீடு முழுவதும் சேர்ந்து செய்த தொழில். ஆண் வண்டி ஓட்டினால், கொட்டிலைக் கூட்டுவதும், கொள்ளு அவிப்பதும், புல்லுக்குப் பேரம் பேசுவதும் பெண் கையில் இருந்தன. வட இந்தியாவில் குதிரைக்குக் கடலை, சென்னையில் கொள்ளு. முதல்நாள் இரவே ஊறப்போட்டு, விடியலில் நசுங்குகிற பதத்துக்கு அவித்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். அவியாத கொள்ளு வயிற்றில் ஊதிக் குதிரைக்குச் சூலை வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது; வயிற்றுவலி வந்தால் உருண்டு புரண்டு செத்துப்போகவும் கூடும். அதன் இரைப்பை சிறியது. மாட்டைப் போல ஒருமுறை நிரப்பிவிட்டு அசைபோட விட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுவதும் தின்ன வேண்டும். உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் உலர்தீவனம் என்பது கணக்கு. 200 கிலோக் குதிரைக்கு நாளுக்கு 4 கிலோ. சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது. ஜட்காக்காரரின் வறுமைக்கு இந்த ஒரு கணக்கே பெரும்பாலும் போதுமான காரணம்.

கப்பிக்கல் சாலையில் ஓடும் குதிரைக்கு லாடம் இல்லாமல் முடியாது. மாட்டுக் குளம்பு பிளந்தது, அதனால் இரண்டு துண்டு லாடம். குதிரைக்குப் பிறைவடிவில் ஒற்றைத் துண்டு. குளம்பு நகம் போல வளர்ந்துகொண்டே இருப்பதால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். ஆணி உயிர்ச்சதைக்குள் ஒரு நூல் உள்ளே போனாலும் குதிரை நொண்டும், சவாரி நின்றுபோகும்.

வாங்கும்போது பார்த்தவை இரண்டு: பல்லும் சுழியும். கீழ்வரிசை முன்பற்கள் ஆறில் நடு இரண்டு இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்தவை நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்தில் வாய் நிறையும். அதன் பிறகு பல்லின் மேல்முகத்தில் இருக்கும் கருங்குழியைப் பார்க்க வேண்டும். நடுப்பல்லில் அது ஆறு வயதுவாக்கில் தேய்ந்து மறையும், அடுத்ததில் ஏழில், ஓரப்பல்லில் எட்டில். எட்டுக்கு மேல் வயது சொல்வது அனுபவத்தின் ஊகம். வயது போன குதிரையின் பல்லைக் குடைந்து, சுட்டுக் கருப்பேற்றி இளங்குதிரையாக்கி விற்கும் புரட்டு உலகம் முழுவதும் இருந்தது. சுழி என்பது மயிர் சுழன்று நிற்கும் இடம். நெற்றியில், கழுத்தில், முதுகில் எங்கே எந்தச் சுழி இருந்தால் வீட்டுக்கு ஆகும், எது ஆகாது என்று பெரிய சாத்திரமே உண்டு. சுழிக்குற்றம் உள்ள குதிரை மலிவாகக் கிடைக்கும். நல்ல காலுள்ள குதிரை சுழியால் விலை இறங்கி, சாத்திரம் பார்க்க வசதியில்லாத வண்டிக்காரர் கைக்கு வந்தது அவருக்கு அடித்த யோகம் என்றே சொல்ல வேண்டும்.

அரசு இந்தக் குதிரையைக் கவனித்தது சட்டத்தின் வழியாக மட்டும். 1890-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், புண்ணோடும் நோயோடும் விலங்கை வேலை வாங்குவதைக் குற்றமாக்கியது. 1899-இல், குதிரையிலிருந்து மனிதனுக்கும் தொற்றிக் கொல்லும் கிளாண்டர்ஸ் நோய்க்குத் தனிச் சட்டம் வந்தது. நோய் கண்ட குதிரையைக் கொன்றுவிட அதில் இடமிருந்தது. ஒற்றைக் குதிரையை நம்பியிருந்த வீட்டுக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1911-இல் சென்னை வாடகை வண்டிச் சட்டம் வந்து வண்டிக்கு உரிமம் வேண்டும் என்றது. இதற்கிடையே 1903 அக்டோபர் 1-ஆம் தேதி வேப்பேரியில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 20 மாணவர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. குதிரை வைத்தியர் இல்லாததால்தான் பாண்டிய நாட்டில் குதிரைகள் சாகின்றன என்று மார்க்கோ போலோ எழுதி 600 ஆண்டுக்குப் பிறகு சென்னைக்கு முறையான பதில் கிடைத்தது.

பதில் வந்த அதே ஆண்டில் முடிவும் தொடங்கிவிட்டது. 1840-இல் சேணமும் கோச்சு வண்டியும் செய்யத் தொடங்கிய சிம்சன் கம்பெனி, 1903-இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டியது. அதற்கும் முன்பே, 1895-இல், மின்சார டிராம் ஓடத் தொடங்கியிருந்தது. டிராம் பெரிய சாலைகளில்தான் ஓடியது. சந்துகளையும் சாமான்களோடு வருகிறவரையும் ஜட்காவுக்கு விட்டுவைத்தது. ஜட்காவின் பிழைப்பைப் பறித்தவை பிறகு வந்த பஸ்ஸும், சைக்கிள் ரிக்‌ஷாவும், ஆட்டோவும். சைக்கிள் ரிக்‌ஷாவுக்குக் கொள்ளு வேண்டாம். ஓடாத நாளில் அது தின்னாது. ராயபுரத்துக்கு வடக்கே எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே ஆண்டு உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் ஆலை அமைத்தது. குதிரை இறங்கிய கரையை ஒட்டிய அதே நிலத்தில் இயந்திரக் குதிரைகள் உற்பத்தியாயின. 1953-இல் டிராமும் நின்றது. ஜட்கா அடுத்த பத்திருபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசிக் குதிரை எது என்று குறிக்க ஆளில்லாமல் மறைந்தது.

1953-இல் மாநிலங்களவையில் விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் சென்னையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். அதன் விளைவான 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய 1890 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். சட்டம் வலுப்பெற்ற காலத்தில், அது காக்க வேண்டிய ஜட்காக் குதிரையில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

மிஞ்சிய குதிரைகள் வேறு வேலைக்குப் போயின. மெரினா மணலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடப்பவை, மாப்பிள்ளை ஊர்வலத்தில் சாரட்டு இழுப்பவை, தென், மேற்கு மாவட்டங்களில் எல்லைப் பந்தயம் ஓடுபவை. பந்தயத்தில் பெரிய குதிரை, சிறிய குதிரை எனத் தனித்தனிப் பிரிவு உண்டு; அங்குலக் கணக்கில் அளந்து பிரிக்கும் ஊர்களும் உண்டு. சிறிய குதிரை தன் அளவில் போட்டியிட்டுப் பரிசு வாங்கும் மேடை தமிழ்நாட்டில் இன்று அது. வாங்க விற்க அந்தியூர் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தை தமிழ்நாட்டின் பேர்பெற்ற குதிரைச் சந்தை. மார்வாரி, காத்தியவாரி, வெள்ளை நுக்ரா என்று உயர்ந்த குதிரைகள் மேளத்துக்கு ஆடிக் காட்டும். அவற்றுக்கு நடுவே, பிள்ளைகள் கூட்டமாகச் சூழ்ந்திருக்கும் இடத்தில் பார்த்தால் ஒரு மட்டக் குதிரை நிற்கும்.

உலகின் வேறு சில இடங்களில் சிறிய குதிரையின் கதை வேறு மாதிரிப் போனது. ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்டுத் தீவுக் குதிரை 42 அங்குலத்துக்கு மேற்படாதது. 1842-இல் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் வந்ததும், அவர்கள் இழுத்த வண்டியை இழுக்க இந்தக் குதிரையை இறக்கினார்கள். ஜட்காக் குதிரையின் பாட்டைவிடக் கொடிய பாடு அது. ஆனால் அங்கே ஒன்று நடந்தது. லண்டன்டெரி பிரபு 1870-களில் ஷெட்லாண்டின் பிரெஸ்ஸே தீவில் பண்ணை வைத்துத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். 1890-இல் வம்சாவளி ஏட்டுச் சங்கம் அமைந்தது. எந்தக் குட்டிக்கு எது தாய், எது தகப்பன் என்று எழுதிவைத்தார்கள். சுரங்கத்தில் வேலை ஒழிந்த பிறகும் அந்த ஏடு குதிரையைக் காப்பாற்றியது. அர்ஜென்டினாவில் ஃபலபெல்லா குடும்பம் இன்னும் சிறிய இனத்தை உருவாக்கியது. 1978-இல் தொடங்கிய அமெரிக்கக் குறுங்குதிரைச் சங்கம் 34 அங்குலத்தை எல்லையாக வைத்திருக்கிறது. ஏறிப் போகவும் பாரம் இழுக்கவும் அல்லாமல், அழகுக்காகவும் கண்காட்சிப் பரிசுக்காகவும் வளர்க்கும் இத்தகைய பண்ணைகளில் பல, ஒரு கணவனும் மனைவியும் சில ஏக்கரில் தொடங்கியவை. ஜட்காக் கொட்டிலைப் போலவே வீட்டு வேலையோடு வேலையாக நடப்பவை. இடம் குறைவாகப் போதும். கவனம் குறைவாகப் போதாது. பெட்டை சினைதாங்குவது 11 மாதம். சின்ன உடம்பில் குட்டியின் தலை சிக்கிக்கொள்வது அடிக்கடி நேரும். குள்ளத்தை மட்டுமே தேடிச் சேர்த்தால் கால் கோணி, தாடை பிசகிய குட்டி பிறக்கும். அதற்கு மரபணுக் காரணம் இப்போது தெரிந்துவிட்டது. அதனால்தான் ஏடு பார்க்காமல் அங்கே பொறுப்பான பண்ணையார் பெட்டையைச் சேர்ப்பதில்லை.

தமிழர் வாழும் நிலத்தில் குதிரைக்கென ஒரு பண்ணைத் தீவு இருந்ததும் உண்டு. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் இருக்கும் நெடுந்தீவில் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் குதிரை பெருக்கினார்கள். ஆங்கிலேயர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற அதிகாரி அதை நடத்தினார். பவளக்கல் லாயத்தின் இடிபாடு இப்போதும் இருக்கிறது. உரிமையாளர் போன பிறகு குதிரைகள் காட்டுக் குதிரையாகி, வறண்ட புல்லைத் தின்று, தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்து நிற்கின்றன. கோடையில் குளம் வற்றினால் தண்ணீருக்குத் தவிக்கின்றன. இந்தியாவில் போலோ ஆட்டத்துக்குப் பேர்போன மணிப்பூர் மட்டக் குதிரையைக் காக்க அந்த மாநில அரசு 2016-இல் தனிக் கொள்கை வகுத்தது. மராட்டியப் படைகளைச் சுமந்த தக்காணத்து பீம்தடிக் குதிரைக்கு அண்மை ஆண்டுகளில்தான் தனி இனம் என்ற ஏற்பு கிடைத்தது. சென்னைக்கு இறங்கிவந்த ஜட்காக் குதிரைகளில் ஒரு பங்கு அந்தத் தக்காண மண்ணின் வழித்தோன்றலாக இருக்க நிறைய இடமுண்டு.

ராயபுரம் நிலையம் 2005-இல் புதுப்பிக்கப்பட்டு, தூண்களும் முகப்பும் பழைய வடிவில் நிற்கின்றன. வாசலில் ஆட்டோ நிற்கிறது. அந்தியூரில் ஆடி மாதத்தில் மட்டக் குதிரை கைமாறும்போது வாங்குகிறவர் உதட்டை விலக்கிக் கீழ்வரிசைப் பல்லைப் பார்க்கிறார். நெற்றியைத் தடவிச் சுழி பார்க்கிறார். நாலு அடி நடத்திக் கால் பார்க்கிறார். தாய் தகப்பன் பெயர் எழுதிய தாள் எதுவும் அதோடு வருவதில்லை.